மூன்றாவது பெட்டி

என் வீட்டு பேஸ்மென்டில் நூற்று நாற்பத்தாறு போர் விமானங்கள் இருக்கின்றன. கட்டி முடித்தவை அல்ல, கட்ட வேண்டியவை. எல்லாம் ‘கிட்’ என்கிற பெட்டிக்குள் பிளாஸ்டிக் துண்டுகளாக, தரையிலிருந்து கூரை வரை அடுக்கி இருக்கின்றன. வருடத்துக்கு மூன்று கட்டினால்கூட எல்லாவற்றையும் முடிக்கும்போது எனக்கு நூற்றிருபது வயதாகிவிடும் என்று என் மனைவி ஐலா ஒருநாள் காபி குடித்துக்கொண்டே சொன்னாள். அதற்குப் பிறகும் நான் நான்கு வாங்கினேன்.

வாங்குவது சுலபம். அடுத்து எதைக் கட்டுவது என்று முடிவெடுப்பதுதான் பெரும்பாடு. ஒன்றைக் கையில் எடுத்தால் இன்னொன்று கண்ணைச் சிமிட்டும். இறக்கையை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே மனம் அடுத்த பெட்டிக்குத் தாவிவிடும். இப்படிப் பாதியில் கைவிட்ட விமானங்களுக்கென்று மாதிரி விமானம் கட்டுகிற எங்கள் ஆட்கள் எல்லோர் வீட்டிலும் ஓர் அலமாரி உண்டு. அதைப் பற்றி நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

இதற்காகவே எங்கள் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊர்ச் சங்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஜனவரி மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூடுவோம். ஆளுக்கு மூன்று பெட்டி கொண்டுவந்து மேசைமேல் வரிசையாக வைத்து, மூடியைக் கழற்றி மல்லாத்திவிட வேண்டும். மற்றவர்கள் சுற்றி வந்து, தங்களுக்குப் பிடித்த பெட்டியின் மூடியில் ஆளுக்கொரு சீட்டாட்டச் சில்லைப் போடுவார்கள். எதில் அதிகம் விழுகிறதோ அதைத்தான் அந்த வருடம் கட்ட வேண்டும். அக்டோபரில் நடக்கும் கண்காட்சிக்கு அது வந்தாக வேண்டும். வராவிட்டால் ஒரு வருடம் பூராவும் கூட்டத்துக்கு டோனட் வாங்கித் தர வேண்டும். தன் பெட்டிக்குத் தானே சில்லு போடக் கூடாது.

ஓரின் ட்வைட் எங்கள் சங்கத்தில் உறுப்பினரே இல்லை. அவர் வாழ்நாளில் ஒரு பிளாஸ்டிக் துண்டைக்கூட ஒட்டியது கிடையாது. மனைவி இறந்த பிறகு சனிக்கிழமைகளில் பொழுது போகாமல் கீழே இறங்கி வந்தார். வரும்போது ஒரு தட்டு நிறைய எலுமிச்சை கேக் செய்து எடுத்து வந்தார். கேக்கைத் தின்றுவிட்டு ஓட்டு கிடையாது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அவருக்கும் சில்லு கொடுத்தோம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எப்போது பார்த்தாலும் நான் கையில் ஏதாவது ஒரு தடித்த புத்தகத்தோடு இருப்பதால் எனக்கு ‘வாத்தியார்’ என்று பெயர் வைத்திருந்தார்.

பத்து வருடத்துக்கு முன்னால் ஓர் அக்டோபரில் அவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு பெட்டி. மூலை நசுங்கிய பழைய பெட்டி, யாரோ வீட்டு வாசலில் போட்டு விற்றதை வாங்கியிருந்தார். மேலே தண்டர்சீஃப் படம். வியட்நாம் போரில் பறந்த பெரிய ஒற்றை எஞ்சின் விமானம். எங்கள் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில் கட்டினாலே பதினாறு அங்குலம் வரும்.

“வாத்தியாரே, இது என்னோடது” என்றார்.

“உங்களுக்கு எதுக்கு கிட்டு? ஒட்டப் போறீங்களா?”

“இந்தப் பெட்டியச் சொல்லலப்பா. விமானத்தச் சொல்றேன். அறுபத்தேழுல தாய்லாந்து தளத்துல இது என் கையில இருந்துச்சு. எண்ணெ ஊத்துனது, தொடச்சது, ராத்திரி பகலா பக்கத்துல கெடந்தது எல்லாம் நான். பைலட்டு காலையில இரவல் வாங்கிட்டுப் போவான், மத்தியானம் கொண்டாந்து திருப்பிக் குடுப்பான். அவனுக்கும் அதுக்கும் அவ்ளோதான் ஒறவு.”

சிரித்தேன். விமானத்தைப் பராமரிக்கிற எல்லாத் தலைமை மெக்கானிக்கும் சொல்கிற பேச்சுதான் இது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. பெட்டிப் படத்தில் விமானி உட்காரும் இடத்துக்குக் கீழே, மூக்கின் வலது பக்கம் விரலை வைத்தார்.

“எடது பக்கம் பேரெழுத பைலட்டுக்கு. வலது பக்கம் எனக்கு. இங்க செவப்புல ‘மார்லிஸ்’னு எழுதியிருக்கும். எம் பொண்ணு பொறந்துட்டான்னு லெட்டர் வந்த வாரம் நானே எழுதுனது. அப்பிடியே கட்டிக் குடுப்பியா?”

“குடுத்துட்டாப் போச்சு” என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

அடுத்த ஜனவரியில் அந்தப் பெட்டியை என் மூன்றில் ஒன்றாக வைத்தேன். ஓரின் தேர்தலுக்கு நிற்பவரைப் போல மேசை மேசையாகப் போய், கேக்கை நீட்டி ஓட்டுக் கேட்டார். தண்டர்சீஃப் பதினோரு சில்லு வாங்கி ஜெயித்தது. அவர் முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இங்கே என் புத்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நான் முப்பத்தொரு வருடம் தானியக் கிடங்கில் தரம் பார்க்கிறவனாக வேலை செய்தேன். விவசாயி லாரி நிறையக் கோதுமை கொண்டுவந்து, இது முதல் தரம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பான். நான் ஒரு பிடியை எடுத்துச் சல்லடையில் போட்டு, ஈரம் பார்த்து, இல்லை, இரண்டாம் தரம் என்று சீட்டில் எழுதிக் கொடுப்பேன். அவன் கத்துவான். நான் கருவியைக் காட்டுவேன். கருவிக்கு முன்னால் யாரும் பேச முடியாது. அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குஷியை அப்படியே விமானத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். எந்த வருடம், எந்தத் தளத்தில், வயிற்றுப் பக்கம் எந்தச் சாம்பல் நிறம் என்று ஆதாரம் இல்லாமல் நான் தூரிகையைத் தொடமாட்டேன்.

ஓரின் தன் விமானத்தின் வால் எண்ணைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னாலும் சொல்வார். அந்த எண்ணை வைத்துக்கொண்டு தேடினேன். பிப்ரவரியில் ஒரு புத்தகத்தில் கிடைத்தது. அரைப் பக்கத்துக்குப் படம். வலது பக்கம், வெயிலில், மூக்குப் பகுதி பளிச்சென்று தெரிந்தது. பெயரும் இல்லை, ஒன்றும் இல்லை. கீழே தேதி: மார்ச் ஒன்பது. அதே புத்தகத்தின் கடைசிப் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே எழுதியிருந்தது: மார்ச் பத்து, காலைப் பறப்பில் வீழ்த்தப்பட்டது, விமானி திரும்பவில்லை.

இதைத் தனியாக அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலேகூட இருந்திருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஆகவில்லை. அந்த மாதக் கூட்டத்தில் பதின்மூன்று பேருக்கு நடுவில், கேக் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, புத்தகத்தை அவர் முன்னால் விரித்தேன்.

“ஓரின், பாருங்க. உங்க விமானந்தான். பேரு எங்க?”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரல் அந்தப் படத்தின் வால் எண்ணைத் தடவிப் பார்த்தது.

“இது மொத நாள் எடுத்தது. நான் அன்னிக்கு சாயந்தரம் எழுதுனேன்” என்றார்.

“அது எப்படி? மறுநாள் காலையிலயே விமானம் விழுந்துருச்சுன்னு இங்க போட்டிருக்கே. பெயின்ட் காயக்கூட நேரம் இருந்திருக்காது.”

சிரித்தார்கள். எங்கள் தலைவன் ரோலிதான் முதலில் சிரித்தான், அவன் எதற்கும் சிரிப்பான். பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள். சொன்ன எனக்கும் சிரிப்பு வந்தது. நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்தேன்.

ஓரின் புத்தகத்தை மெதுவாக மூடி என் பக்கம் தள்ளினார்.

“ஒங்கிட்ட போட்டோ இல்லாம எதுவும் நடக்காதில்ல, வாத்தியாரே?”

“கோவிச்சுக்காதீங்க. ஐம்பது வருஷம் ஆயிருச்சு, யாருக்குந்தான் மறக்கும். வேற விமானத்துல எழுதியிருப்பீங்க. உங்ககிட்ட போட்டோ இருக்கா? ஒண்ணு இருந்தாக் கொண்டாங்க, நாளைக்கே ஆரம்பிக்கிறேன்.”

“இல்ல” என்றார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு படியேறிப் போனார். கேக் தட்டை எடுத்துப் போகவில்லை. அதை நான்தான் கழுவி அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன், மணியை அடிக்காமல்.

அந்த வருடம் தண்டர்சீஃப் கட்டவில்லை. பன்னிரண்டு மாதம் டோனட் வாங்கிக் கொடுத்தேன். பெயரில்லாமல் கட்டினால் ஓரினுக்குப் பிடிக்காது. பெயரோடு கட்டினால் எனக்குப் பிடிக்காது. ஆகவே ஆதாரம் கிடைக்கட்டும் என்று ஒத்திப்போட்டேன். உண்மையாகவே தேடினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தளத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கடிதம் எழுதினேன். ஆவணக் காப்பகத்துக்கு எழுதி மாதக்கணக்கில் காத்திருந்தேன். இணையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் சண்டை பிடித்தேன். எல்லாம் ஓரினுக்காகச் செய்கிறேன் என்று ஐலாவிடம் சொல்லிக்கொண்டேன். அவள், அவருக்கு ஒருதடவை போன் போடுவதுதானே என்றாள். படம் கிடைக்கட்டும், பிறகு பேசுகிறேன் என்றேன்.

ஓரின் மற்ற மாதங்களில் வருவதை நிறுத்திவிட்டார். ஜனவரிக்கு மட்டும் வந்தார். ஒவ்வொரு ஜனவரியும் நான் அந்தப் பெட்டியை மூன்றாவதாக வைப்பேன், ஒப்புக்கு. பக்கத்தில் புதிதாக வந்த, எல்லோருக்கும் ஆசை காட்டுகிற இரண்டு பெட்டிகளை வைப்பேன், அது தோற்க வேண்டும் என்றே. ஓரின் கேக் தட்டை வைத்துவிட்டு, யாரிடமும் ஓட்டுக் கேட்காமல், நேராக என் மேசைக்கு வந்து மூன்றாவது மூடியில் சில்லைப் போடுவார். ‘எப்படியிருக்க வாத்தியாரே’ என்பார். நன்றாக இருக்கிறேன் என்பேன். காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். எண்ணும்போது முதல் பெட்டியில் எட்டு, இரண்டாவதில் நான்கு, மூன்றாவதில் ஒன்று. வருடா வருடம் அந்த ஒன்று. கிழவருக்கு வீம்பைப் பாரேன் என்று நான் நினைத்தேன்.

போன நவம்பரில் ஓரின் இறந்துபோனார். இதயம், மூன்று நாள்தான் படுத்திருந்தார். நான் போய்ப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. அதே சர்ச்சில்தான் அடக்க ஆராதனை. கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காபியும் வைத்திருந்தார்கள். சுவரோரம் ஒரு பலகையில் அவருடைய வாழ்க்கைப் படங்களை ஒட்டி வைத்திருந்தார்கள்: கல்யாணம், டிராக்டர், மீன் பிடித்தது, பேரப்பிள்ளைகள். நான் அதன் முன்னால் குனிந்து நின்று என்ன செய்தேன் தெரியுமா? விமானம் இருக்கிற படம் ஏதாவது உண்டா என்று தேடினேன். செத்துப்போன நண்பனின் முகத்தைத் தாண்டித் தாண்டி, பின்னால் ஏதாவது விமான மூக்கு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவர் மகள் மார்லிஸ் காபிக் கோப்பையோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐம்பத்தேழு வயது, ஃபார்கோவில் பல் மருத்துவரிடம் வேலை. வருந்துகிறேன் என்றேன். நன்றி என்றாள்.

இந்த ஜனவரியில் கூட்டத்தன்று சரியான குளிர். வண்டி எஞ்சின் உறையாமல் இருக்க, அதன் ஹீட்டர் வயரைச் சுவரில் இருந்த மின்சாரப் பெட்டியில் சொருகிவிட்டுத்தான் உள்ளே வந்தோம். நான் வழக்கம்போல மூன்று பெட்டி வைத்தேன். புது ஸ்பிட்ஃபயர், ஒரு கோர்செயர், மூன்றாவதாகத் தண்டர்சீஃப். அதை ஏன் எடுத்து வந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. கை பழக்கத்தில் எடுத்துவிட்டது. மூடியை மல்லாத்தியபோது இந்த வருடம் இதில் ஒன்றுகூட விழாது என்று தோன்றியது.

அப்போது படியில் பனி பூட்ஸ் சத்தம். மார்லிஸ் கையில் அப்பாவின் கேக் தட்டோடு இறங்கி வந்தாள்.

“அப்பா ஜனவரிக்குக் குடுக்கணும்னு சொல்லியிருந்தாரு. அவரு செய்யற மாதிரி வராது. தின்னு பாருங்க” என்று ரோலியிடம் கொடுத்துவிட்டு, என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள்.

“அன்னிக்கு பலகையில எதையோ தேடிட்டிருந்தீங்க. அப்பறம் ரோலிகிட்ட கேட்டேன், அந்தப் புத்தகத்தப் பத்திச் சொன்னாரு.”

என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். “மன்னிச்சிரு மார்லிஸ். அது வந்து…”

“பரவாயில்ல. இதத்தான் தேடுனீங்கன்னு நெனக்கிறேன்.”

கோட்டுப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். உள்ளே சின்னக் கறுப்பு வெள்ளைப் படம், எடுத்த உடனே கையில் வருகிற போலராய்டு. இருபத்து நான்கு வயது ஓரின், சட்டையில்லாமல், எண்ணெய்க் கறையோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஏணியில் நிற்கிறார். பின்னால் தண்டர்சீஃபின் மூக்கு, வலது பக்கம். ஒரு விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுகிறார். அந்த இடம் வெறுமையாக இருந்தது.

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பென்சிலில், அவருடைய குண்டுக் கையெழுத்தில்: ‘மார்ச் 9. நாளைக்கு இங்கே நம் பெண்ணின் பெயர். இன்றைக்கே எழுதியிருப்பேன், நல்ல தூரிகை கிடைக்கவில்லை. அவள் பெயரைக் கோணலாக எழுத மனம் வரவில்லை.’

இரண்டு தடவை படித்தேன். பிறகு என் வாயிலிருந்து வந்த முதல் சொல்லை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. “அப்போ எழுதல” என்றேன்.

“எழுதல” என்றாள் மார்லிஸ். “மறுநாள் காலையில விமானம் போச்சு. பைலட்டு ரொம்பச் சின்னப் பையனாம். போம்போது, சாயங்காலம் வந்து பாக்கறேன், எழுதி வெய்யுன்னு சொல்லிட்டுப் போனானாம். அப்பா தூரிகையோட, விமானம் நின்ன அந்தக் காலி எடத்துல மூணு மணி நேரம் நின்னிருக்காரு. அம்மாவுக்கு அப்ப எழுதுன லெட்டர்ல எல்லாம் இருக்கு.”

“ஆனா எழுதுனேன்னு…”

“ஊருக்கு வந்தப்பறம் எழுதுனதாத்தான் சொல்லுவாரு. எம்பேரோட ஒரு விமானம் பறந்துச்சுன்னு எனக்குத் தூங்கறப்ப சொல்லுவாரு. அம்மாவுக்குத் தெரியும். நான் பன்னெண்டு வயசுல அந்த லெட்டரப் பாத்துட்டேன். எந்தம்பிக்கும் தெரியும். நாப்பது வருஷம் நாங்க ஒருத்தரும் அவர்கிட்ட மூச்சு விட்டதில்ல. அவரு சொல்லும்போதெல்லாம், செவப்புலயாப்பா, பெருசாவாப்பான்னு கேப்போம்.”

தட்டிலிருந்து உதிர்ந்த கேக் தூளை மேசையிலிருந்து துடைத்துக்கொண்டே அடுத்ததைச் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நீங்கதான் புத்தகத்த விரிச்சு வெச்சுக் காட்டுனீங்க.”

பக்கத்து அறையில் ரோலி யாருடைய பெட்டியையோ கிண்டல் செய்துகொண்டிருந்தான்.

“அன்னிக்கு வீட்டுக்கு வந்து எனக்கு போன் பண்ணாரு” என்றாள். “ஒண்ணும் சொல்லல. குளிரு எப்படி இருக்கு, வண்டி ஸ்டார்ட் ஆகுதான்னு கேட்டுட்டு வெச்சுட்டாரு. அதுக்கப்பறம் அந்தக் கதைய அவரு யார்கிட்டயும் சொன்னதே இல்ல. எம்பொண்ணுங்க ஒருநாள் கேட்டுச்சுங்க. ஞாபகமில்லன்னுட்டாரு.”

நான் பேசியது சரி. புத்தகம் சரி, தேதி சரி, பெயின்ட் காயாது என்பதும் சரி. முப்பத்தொரு வருடம் கோதுமையில் நான் ஒருநாளும் தப்பாகத் தரம் போட்டதில்லை, இதிலும் போடவில்லை. அவர் என்னிடம் கேட்டது தரமே இல்லை. நடக்காமல் போன ஒன்றைப் பதினாறு அங்குலத்திலாவது நடத்திக் கொடு என்று கேட்டார். தூரிகைக்காக ஒரு நாள் ஒத்திப்போட்டவர், வாழ்நாளெல்லாம் அதை நினைத்துக் கிடந்தவர், என்னிடம் வந்து சேர்ந்தார். நான் படத்துக்காக ஒன்பது வருடம் ஒத்திப்போட்டேன்.

“ஓட்டு ஆரம்பிக்கலாமா? காபி ஆறுது” என்று ரோலி குரல் கொடுத்தான். மார்லிஸிடம் ஒரு சில்லை நீட்டினான். “இது உங்கப்பா ஓட்டும்மா. நீ போடு.”

அவள் அதை வாங்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். மூன்று மூடிகளையும் பார்த்தாள். தண்டர்சீஃபின் மேல் கை ஒரு நிமிடம் நின்றது. பிறகு சில்லைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

“அவரு போட்டதே போதும். இன்னொண்ணு நான் போடமாட்டேன்” என்று என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னாள். படத்தை என் சட்டைப் பையில் வைத்தாள். “இது உங்ககிட்டயே இருக்கட்டும். இத்தன வருஷம் தேடியிருக்கீங்க.”

எண்ணினோம். ஸ்பிட்ஃபயர் ஒன்பது, கோர்செயர் மூன்று, தண்டர்சீஃப் ஒன்றுமில்லை. நான் ஸ்பிட்ஃபயரை மூடினேன், கோர்செயரை மூடினேன், மூலை நசுங்கிய பெட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

“டேய் டெல்மர், கண்ணு தெரியலயா? ஸ்பிட்ஃபயர்டா ஜெயிச்சுது” என்று என்னைப் பார்த்துச் சொன்னான் ரோலி.

“தெரியும்.”

“ஒரு ஓட்டுகூட விழாததத் தூக்கிட்டுப் போறே. சட்டம்னு ஒண்ணு இருக்கா இல்லியா?”

“டோனட் நான் வாங்கித் தரேன். ரெண்டு வருஷத்துக்குச் சேத்து.”

எட்டு மாதம் பிடித்தது. நல்ல கிட் இல்லை, பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. என் கைக்கும் இப்போது நடுக்கம் வந்துவிட்டது. பத்து வருடத்துக்கு முன்னால் இந்தக் கை கல் மாதிரி நிற்கும். சின்னப் பாகங்களைப் போடும்போது முழங்கையை மேசையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொள்வேன். மற்றதையெல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே செய்தேன். பச்சை, பழுப்பு, எஞ்சின் வாயில் புகைக் கறை, வால் எண். கடைசியாகப் பெயர் மட்டும் பாக்கி.

அச்சடித்த ஒட்டுத்தாளாகச் செய்து தரக் கடைகள் உண்டு. நூல் பிடித்த மாதிரி வரும். வேண்டாம் என்று இருக்கிற தூரிகைகளில் மெல்லியதை எடுத்து, சிவப்பைத் தொட்டு, கையாலேயே எழுதினேன். ஆங்கிலத்தில் ஆறு எழுத்து. ஆறும் சேர்ந்து அரிசி மூன்றின் நீளம்கூட வராது. முதல் எழுத்தின் கால் சற்றுக் கோணிக்கொண்டது. கடைசி எழுத்து கீழே சரிந்தது. வேறு எந்த விமானமாக இருந்தாலும் துடைத்துவிட்டு மறுபடி எழுதியிருப்பேன். துணியைக் கையில் எடுத்தும்விட்டேன். பிறகு கீழே வைத்துவிட்டு, காயட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடத்தில் காய்ந்துவிட்டது. நேரம் போதும்.

அக்டோபர் கண்காட்சிக்கு மார்லிஸ் ஃபார்கோவிலிருந்து வந்தாள். மேசைமேல் குனிந்து, மூக்கின் வலது பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பக்கத்தில் நின்றேன். மதியம் நடுவர் வந்தார். வேறு ஊர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, கையில் பேனா டார்ச்சு. சக்கரம், மூட்டு, இறக்கை இணைப்பு எல்லாவற்றிலும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். வெளிச்சம் பெயர் மேல் வந்து நின்றது.

“சார், இந்த நம்பர் விமானத்துல பேரு ஏதும் இல்லையே. எங்கிட்ட அந்தப் புத்தகம் இருக்கு.”

“சீட்டப் பாருங்க” என்றேன்.

ஒவ்வொரு விமானத்துக்கும் முன்னால் ஒரு சீட்டு வைக்க வேண்டும். அதில் கடைசி வரி, ஆதாரம். வழக்கமாக நான் அதில் புத்தகப் பெயர், பக்க எண் எல்லாம் போட்டு இடம் போதாமல் பின்பக்கமும் எழுதுவேன். இந்தத் தடவை ஒரே வரி எழுதியிருந்தேன்: ‘விமானத்தைப் பார்த்துக்கொண்ட ஓரின் ட்வைட் சொன்னது.’

நடுவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். மரியாதையான பையன்தான். என்னைப் போல அவர் யாரையும் சிரிக்க வைக்கப் பார்க்கவில்லை.

“சொன்னது சரி சார். போட்டோ ஏதாவது இருக்கா?”

படம் என் சட்டைப் பையில் இருந்தது. ஒன்பது மாதமாக அங்கேதான் இருக்கிறது. மார்லிஸ் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“இல்ல” என்றேன்.

அவர் தாளில் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். புத்தகத்தை விரிக்காமல், அந்தப் பிப்ரவரியிலேயே இந்தப் பொய்யை நான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொன்னேன். கேட்க ஓரின் இல்லை.